கோரைக்குள் கேட்ட குரல்

ஜூன் 14, ஞாயிறு

விடுதிக்கு முன்னால் இருக்கும் கோரைக் குடாவில் சிவப்பு நாடா கட்டிய கம்புகளை நட்டிருக்கிறார்கள். காலையில் காப்பியோடு வெளியே வந்தபோது பார்த்தேன். கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கம்புகள். ஒரு படகுத்துறைக்கு இத்தனை எதற்கு என்று ரெஜினிடம் கேட்டேன்.

"துறை மட்டும் இல்ல மாமா. கோரை மொத்தத்தையும் எடுக்கோம். ரூம்ல படுத்துக்கிட்டே ஏரியப் பாக்கணும்னுதான ஆளு வாறான்? இப்ப என்னத்தப் பாக்கான்? புல்ல."

"பூங்கா ஆபீஸ்ல சம்மதிச்சிட்டாங்களா?"

"சம்மதிப்பாங்க. உங்க ரிப்போர்ட்டு இருக்குல்லா. குடாவுல விசேஷமாட்டு ஒண்ணும் இல்லன்னு அதுல தெளிவா வந்திருக்கு, கேட்டியளா."

"அப்படியா" என்றேன். காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அப்படியா! எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு வாயில் வருகிற சொல் இது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை ஒரு குத்துக் குத்தினேன். கோபம் வந்தால் தெரிந்ததையெல்லாம் முதலிலிருந்து எழுதிப் பார்ப்பது என் வழக்கம். எழுதுகிறேன்.

ருகோமா ஏரி தேசியப் பூங்கா உகாண்டாவின் தென்மேற்கில் இருக்கிறது. சின்னப் பூங்கா. சிங்கம், யானை கிடையாது. அதனால் பெரிய கூட்டமும் கிடையாது. வரிக்குதிரை, இம்பாலா மான், காட்டெருமை, ஏரி நிறைய நீர்யானை. மற்றபடி பறவைகள். ஏரிக்கரையில் என் மருமகன் ரெஜின் மேலாளராக இருக்கும் விடுதி. முதலாளி கம்பாலாவில் உள்ள ஒரு கம்பெனி. மகள் பெனிட்டாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஏப்ரலில் வந்தேன். மனைவி நாகர்கோவிலில், இளையவளின் பிரசவத்துக்குத் துணையாக. வந்த இரண்டாம் வாரம் ரெஜின் கேட்டான்: "மாமா, ஒரு சின்னப் படகுத்துறை கட்டணும். அதுக்குப் பூங்கா ஆபீஸ்ல பறவைக் கணக்கெடுப்பு ஒண்ணு கேக்கான். நீங்க பாக்காத பறவையா?" ஊரில் தேரூர்க் குளத்தில் பறவை பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். மகிழ்ந்துபோய்ச் சரி என்றேன்.

இந்த நோட்டில் அவனை 'அவன்' என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் எப்படியும் 'நீங்க', 'மாப்பிள'தான்.

ஜூன் 15

காலுறைகளைத் துவைத்தேன். மலேரியா மாத்திரை போட்டேன். புல்தரையில் நீர்யானைச் சாணம். ஊரில் பக்கத்து வீட்டுப் பங்கஜம் அக்கா மாடு கட்டிய தொழுவம் போல முற்றம் முழுக்க. தோட்டக்காரர் அள்ளிக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டுக்கு நான் கையால் எழுதிய பிரதியை எடுத்துப் படித்தேன். ரெஜின் சொன்னது பொய் இல்லை. குடாவுக்கு நான் எழுதியிருப்பது: தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, கறுப்புக் கானாங்கோழி, இரண்டு வகை மீன்கொத்தி, நாரை, கொக்கு. ஊரெல்லாம் இருக்கிற பறவைகள். இந்தக் கோரை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளரும் பாப்பிரஸ் கோரை. பறவைகள் அதன் நடுவில் வாழும், வெளியே வராது. நான் அவற்றைக் கேட்டேன். தினமும் கேட்டேன். குழலை இரண்டு தரம் ஊதியதுபோல் ஒரு குரல். அது முடியுமுன்னே கரகரவென்று இணையின் பதில். கையேட்டில் கோனோலெக் என்று போட்டிருக்கும் பறவை இப்படித்தான் கத்துமாம். பாப்பிரஸ் கோரையை விட்டால் உலகத்தில் அதற்கு வேறு வீடு கிடையாதாம்.

நான் அதை எழுதவில்லை. கண்ணால் பார்க்காத பறவையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது என் விதி. வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், குடுவையில் நிறம் மாறியதைப் பார்த்த பிறகுதான் மாறியது என்று சொல்வேன். காதோ, இடது பக்கம் கருவி வைத்த காது. சந்தேகம் உள்ளவை என்று தனியாக ஒரு தாளில் எழுதிப் பின்னால் வைத்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது அதைப்பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கடைசித் தாளையும் சேத்துத்தான அனுப்புனிய மாப்பிள?"

"எது? 'சந்தேகம்'னு போட்டிருந்ததா? நீங்களே சந்தேகம்னு எழுதிட்டு அத எதுக்கு அனுப்பணும்? கோர்ட்டுல போய் சாட்சி, 'எனக்கு ஒரு சந்தேகம்'னு சொன்னா ஜட்ஜு சிரிக்க மாட்டானா?" என்று சொல்லிவிட்டு, பெனியைப் பார்த்து, "உங்கப்பாவுக்கு இன்னொரு மீன் வையி" என்றான்.

மீனை வைத்தாள். தின்றேன்.

ஜூன் 16

இன்று ரெஜினிடம் பேசாமல் இருந்தேன். அவன் கவனிக்கவில்லை.

ஜூன் 17

கோபத்துக்கு ஒரே மருந்து வேலை. பார்த்துவிட்டால் எழுதிவிடலாம், எழுதிவிட்டால் குடா பிழைக்கும். பூங்காவின் சிறிய படகில் போனேன். காவலர் துணையில்லாமல் போகக் கூடாது என்பது விதி. இமாகுலேட் என்ற பெண் காவலர் துப்பாக்கியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். பறவைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. இங்கே வயதானவர்களை மரியாதையாக 'முஸே' என்பார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"முஸே, நான் உங்களைக் காட்டெருமைகிட்ட கூட்டிட்டுப் போறேன். பெரிசா இருக்கும். ஒளிஞ்சுக்காது."

"எனக்கு இந்தப் பறவைதான் வேணும்."

"எத்தன பெரிசு?"

கையால் காட்டினேன். மைனா அளவு.

"இதுக்கா இந்தக் கோபம்? முகம் தக்காளி மாதிரி இருக்கு."

என் கோபம் வெளியே தெரிகிறது என்று எனக்கு யாராவது சொன்னது இதுவே முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோரையின் ஓரமாகவே படகை விட்டோம். சின்ன நீல மீன்கொத்தி ஒரு தண்டில் உட்கார்ந்து எங்களை முறைத்தது. மீன்கழுகு ஒன்று தலையைப் பின்னால் சாய்த்து ஊரைக் கூட்டியது. நீர்யானைக் கூட்டம் மூக்கை மட்டும் நீட்டி எங்களை எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு குழல் ஒலித்தது. மிக அருகில், துடுப்பை நீட்டினால் தொடும் தூரத்தில். உடனே கரகரவென்று பதில். பைனாகுலரைத் தூக்கினேன். கோரைத் தண்டு, அதன் பின்னால் கோரைத் தண்டு, அதன் பின்னால் இருட்டு. ஒரு தண்டு அசைந்தது. அவ்வளவுதான்.

அங்கேயே காத்துக் கிடந்தோம். வெயில் ஏறியது. அது இடம் மாறிக் கத்தியது. நாங்களும் இடம் மாறினோம். கண்ணுக்கு வரவில்லை.

"பார்த்தேன்னு சொல்லிடுங்க முஸே" என்றார் இமாகுலேட், கொட்டாவிக்கு நடுவே. "யார் வந்து உங்க கண்ணுக்குள்ள பார்க்கப் போறாங்க?"

"பார்க்கலியே."

"இருக்கு இல்லையா?"

"இருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா!" துடுப்பைத் தண்ணீரில் ஓங்கி அடித்தார். என்மேல் தெறித்தது. "அவங்க மொத்தத்தையும் வெட்டப் போறாங்க. நீங்க நினைச்சுக்கிட்டே இருங்க."

நீர்யானை ஒன்று வாயைப் பிளந்தது. படகைத் திருப்பினோம்.

ஜூன் 18

கைப்பேசியில் குரலைப் பதிவு செய்ய முயன்றேன். கரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டிருந்தேன். அறைக்கு வந்து போட்டுக் கேட்டால் விடுதியின் ஜெனரேட்டர்தான் பாடுகிறது. அதற்குள்ளே எங்கோ, கிணற்றுக்குள் விழுந்த சாவி போல, ஒரு சத்தம். இதை வைத்துக்கொண்டு தவளை என்றும் சொல்லலாம்.

பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வெளியே வரவழைக்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் சிலர் செய்கிறார்கள். தன் எல்லையில் எதிரி வந்துவிட்டான் என்று அது பதறிக்கொண்டு வரும். முட்டை வைத்திருக்கும் நேரமாகவும் இருக்கலாம். அதைச் செய்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரியும். நான் செய்யமாட்டேன்.

மாலையில் பெனி என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினாள்.

"அப்பா, இருவத்தி நாலாம் தேதி பூங்கா வார்டன் வாராரு. கம்பெனி டைரக்டரும் வாராரு. கையெழுத்தாயிரும். சீசனுக்கு முன்னால வேல முடிஞ்சா ரெஜின கம்பாலா ஹெட் ஆபீசுக்கு மாத்துவாங்க."

"நல்லது."

"நல்லதா? நீங்க படகுல போனதும், கரையில கெடந்ததும் எனக்குத் தெரியாதா? ரூத்த நான் மாசத்துக்கு ஒருதரம் பாக்கேன் அப்பா. கம்பாலா ஹாஸ்டல்ல எட்டு வயசுப் பிள்ள தானா தல பின்னிக்கிட்டு நிக்கா. கோணலா. போன மாசம் போனப்ப, 'மம்மி, நீங்க பின்ன வேண்டாம், எனக்குத் தெரியும்'ங்கா."

இஸ்திரிப் பெட்டியை அழுத்திய அழுத்தில் காலரில் மஞ்சள் தடம் விழுந்துவிட்டது. அவளும் பார்த்தாள். அப்படியே மடித்து வைத்தாள்.

எனக்குக் கோபம். இந்த முறை யார்மேல் என்று எழுதத் தெரியவில்லை.

ஜூன் 20

அலுவலக அறைக்குச் சீட்டு ஒட்டும் பசை வாங்கப் போனேன். மேசையில் 24ஆம் தேதிக்கான கோப்பு தயாராக இருந்தது. ரிப்போர்ட்டின் முகப்பில் என் பெயர்: பேராசிரியர் முனைவர் ஞானசிகாமணி, பறவையியல், இந்தியா.

நான் பேராசிரியர் இல்லை. முனைவர் இல்லை. பறவையியல் என்று ஒரு பாடத்தை எந்த வகுப்பிலும் படித்ததில்லை. வேதியியல் விரிவுரையாளனாகச் சேர்ந்து, வேதியியல் விரிவுரையாளனாகவே ஓய்வு பெற்றவன். என்ன அயோக்கியத்தனம்! ஒரு மனிதன் பெயரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் பொய்யைக் கட்டி, ஒரு ஏரியை விற்பதா? வேலைக்காரர்கள் கண்முன்னே கோப்பைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

கோப்பைப் பழையபடி நேராக வைத்துவிட்டுப் பசையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போனோம். பிரசங்கம் உள்ளூர் மொழியில். கைதட்டும்போது நானும் தட்டினேன். திரும்பும் வழியில் ஜீப்பை வரிக்குதிரைகள் மறித்தன. ரெஜின் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். அதுதான் சமயம் என்று தோன்றியது.

"மாப்பிள, அந்த முகப்புல என் பேருக்கு முன்னால என்னவெல்லாமோ போட்டிருக்கு."

"ஆமா."

"அது சரியில்லல்லா."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "மாமா, மே மாசம் அதே பக்கத்த உங்க கையில தந்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் வாசிச்சிய. வாசிச்சிட்டு என்ன சொன்னிய?"

நான் ஜன்னல் வழியே வரிக்குதிரைகளைப் பார்த்தேன்.

"'எழுத்து அழகா வந்திருக்கு மாப்பிள'ன்னு சொன்னிய."

பின்னால் உட்கார்ந்திருந்த பெனி, "விடுங்க, குதிர போயாச்சு. வண்டிய எடுங்க" என்றாள்.

சொன்னது உண்மைதான். அன்று எழுத்தைத்தான் சொன்னேன், தட்டச்சு எழுத்து. அதைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சம்பளம் வாங்கிய அத்தனை வருடமும் என்னைப் பேராசிரியர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அன்று மாலை பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தது நினைவிருக்கிறது. ஏதோ பாட்டு முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது.

ஜூன் 23

நாளைதான் கையெழுத்து. ஆனால் இன்றே நான்கு பேர் வெட்டுக்கத்தியோடு குடாவின் கிழக்கு ஓரத்தில் இறங்கிவிட்டார்கள். 'நடக்க ஒரு வழி மட்டும்' என்று ரெஜின் சொன்னானாம். வழி அகலமாகிக்கொண்டே போனது. பச்சைக் கோரையை வெட்டும்போது சத்தம் பெரிதாக வருவதில்லை. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல் இருக்கிறது. தலையில் பூத்த குஞ்சங்களோடு தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. கொக்குகள் மட்டும் சந்தோஷமாக வந்து, கலங்கிய தண்ணீரில் தவளை பொறுக்கின.

அந்த ஓரத்தில் தினமும் கேட்ட இணை இன்று கேட்கவில்லை.

இமாகுலேட் வந்தார். வெட்டுகிறவர்களிடம் உரக்க ஏதோ கேட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டு விடுதியைக் கைகாட்டினார்கள். என் பக்கம் வந்து நின்றார்.

"என்கிட்ட அவங்களை நிறுத்தச் சொல்லி ஒரு தாளும் இல்ல. உங்ககிட்ட இருக்கிற தாளோ அவங்க பக்கம்."

"தெரியும்."

"நாளைக்கு வார்டன்கிட்ட பேசுவீங்களா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம், நினைக்கிறேன், இருக்கலாம்" என்று விரல் மடக்கினார். "முஸே, உங்க ஊர்ல 'ஆமா'வுக்கு வார்த்தையே இல்லையா?"

துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர்மேலும் கோபம் வந்தது. சொல்வதற்கு என்ன. அவருக்கு மகள் வீட்டில் தினமும் சாப்பிட உட்கார வேண்டாம்.

ஜூன் 24

எழுத்து கோணலாக விழுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் உணவுக்கூடத்திலேயே கோப்பை விரித்தார்கள். வார்டன் பியாருஹங்கா மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். கம்பெனி டைரக்டர் ஒகெல்லோ பெரிய குரல், பெரிய சிரிப்பு. ரெஜின் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். பெனி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இமாகுலேட் வார்டனோடு வந்தவராக வாசலில் நின்றார். என்னை வார்டனுக்கு எதிரில் உட்கார வைத்திருந்தார்கள்.

"பேராசிரியர், அழகான ரிப்போர்ட்" என்றார் வார்டன். "ஒரே ஒரு கேள்வி. இந்த ஏரியில் மற்ற கோரைக் காடுகளில் எல்லாம் கோனோலெக் இருக்கிறது. இந்தக் குடாவில் மட்டும் இல்லை. ஏன்?"

அவர் கேட்டார்! நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவரே பாதி சொல்லிக் கொடுத்தார். எழுந்தேன். "அது வந்து, ஒருவேளை..." என்றேன். மற்றது வரவில்லை.

ஒகெல்லோ உதவிக்கு வந்தார். "ஏன்னா இது வெறும் புல், வார்டன் சார். புல்லும் தவளையும். ராத்திரியெல்லாம் கத்துது, விருந்தாளிங்க தலையணையால காதைப் பொத்திக்கிட்டுப் படுக்கறாங்க. பேராசிரியருக்கு நாம நன்றிதான் சொல்லணும். சுத்தம் பண்ணித் தந்துட்டார்." சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். செல்லமாகத்தான் தட்டினார். நல்ல பிள்ளையைத் தட்டுவதுபோல்.

அப்போது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. மேசையை ஓங்கி அடித்திருக்கிறேன். தேநீர் கோப்பின்மேல் கொட்டியது. கத்தியது என் குரல்தான். கல்லூரியில் காலமெல்லாம் ஆங்கிலத்தில் பாடம் எடுத்தவன், கத்தியதோ தமிழில்.

"நான் புரொபசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! டாக்டரும் இல்ல! பிள்ளையளுக்கு உப்பும் அமிலமும் சொல்லிக் குடுத்தவன் நான். அந்தத் தாள்ல இருக்கது நான் கண்ணால பாத்தது மட்டும். கோரைக்குள்ள கேட்டத நான் எழுதல. தினமும் கேட்டேன், எழுதல. தப்பாப் போச்சுன்னா நாலு பேரு சிரிப்பானேன்னு பயந்துக்கிட்டு எழுதல. நான் எழுதலன்னா அது அங்க இல்லாமப் போயிருமாலே?"

'லே' என்று யாரைப் பார்த்துச் சொன்னேன் என்றால், வார்டனைப் பார்த்து.

அவர் கோபப்படவில்லை. ரெஜினிடம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

ரெஜின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தான். "ஒண்ணுமில்ல சார். மாமாவுக்குக் கொஞ்சம் உடம்பு..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"அப்பா சொல்றத நான் சொல்றேன்" என்றாள் பெனி.

தேநீர்க் கூஜா கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். என் தகப்பனார் பறவையியல் பேராசிரியர் இல்லை. முனைவர் இல்லை. வேதியியல் கற்பித்தவர். பார்த்ததை மட்டும் எழுதினார். தினமும் கேட்டதை, பயத்தால் எழுதவில்லை. அவர் எழுதவில்லை என்பதால் அந்தப் பறவை அங்கே இல்லை என்றாகிவிடுமா என்று கேட்கிறார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. 'லே'யை மட்டும் விட்டுவிட்டாள்.

"இது சரியா?" என்று வார்டன் என்னைக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன், ஆங்கிலத்தில்.

வாசலில் இமாகுலேட் இருமினார்.

வார்டன் ஈரமான கோப்பை விரல் நுனியால் மூடினார். "அப்படியென்றால் என்னிடம் ரிப்போர்ட் எதுவும் இல்லை. மழைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் வந்து கணக்கெடுப்பார்கள். அதுவரை ஒரு தண்டை யாரும் தொடக் கூடாது. இன்று காலை கிழக்கு ஓரத்தைப் பார்த்தேன். அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த முகப்பை எழுதியது யார்?"

ரெஜின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வாசித்துப் பார்த்த முகப்புதான். மறுக்கவில்லை" என்றேன்.

ஒகெல்லோ எழுந்தார். யாரோடும் கைகுலுக்காமல் வண்டியில் ஏறினார். ரெஜின் பின்னாலேயே ஓடினான். புல்தரையில் அவன் ஓடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கழுத்துப்பட்டை தோளுக்குமேல் பறந்தது.

ஜூன் 25

வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்டிய தண்டுகள் கரையில் பழுப்பேறிக் கிடக்கின்றன.

கம்பாலாவிலிருந்து ரெஜினுக்குத் தொலைபேசி வந்தது. மாற்றல் இல்லை. வருடக் கடைசியில் வேறு மேலாளர் வருவார். அதற்குமேல் அவன் சொல்லவில்லை.

பெனி என்னோடு பேசவில்லை. மதியம் ஒரே ஒரு முறை வந்து கைப்பேசியை நீட்டினாள்.

"ரூத் லைன்ல இருக்கா. அம்மா கம்பாலாவுக்கு வரலன்னு நீங்களே சொல்லுங்க."

"பெனி, நேத்து நீ ஏன்..."

"பொய்யாட்டா சொல்லுவேன்? எங்கப்பா சொன்னதச் சொன்னேன்." குரல் உடைந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது அவளுக்கு. "இம்புட்டு வயசுக்கும் ஒருத்தன்கிட்டயும் ஒரு வார்த்த எதுத்துப் பேசல நீங்க. வீட்டு ஓனரு தண்ணிய நிறுத்தினப்பக்கூட நாங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம். உங்களுக்குத் தைரியம் வாறதுக்கு என் வீடுதான் கெடச்சுதா?"

கைப்பேசியை வாங்கி ரூத்திடம் சொன்னேன். "ஓகே தாத்தா" என்றாள். பழகிப்போன குரல். அதைக் கேட்டதும் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கம்பெனிமேல் வைத்தேன். ரெஜின்மேல் வைத்தேன். கோரைமேல்கூட வைத்துப் பார்த்தேன். எதிலும் அடங்கவில்லை. ஆனால் நேற்றுச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன். இதை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்.

ஜூன் 26

சட்டைகளை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

ஜூன் 27

காலையில் கரையில் உட்கார்ந்திருந்தேன். பைனாகுலர் கொண்டுபோகவில்லை. மறுகரையில் இம்பாலாக்கள் தண்ணீருக்கு இறங்கியிருந்தன. ரெஜின் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்தான். கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். சவரம் செய்யவில்லை.

"அந்தப் பறவ எப்பிடி இருக்கும் மாமா?"

"மேல கறுப்பு. நெஞ்சு ரத்தச் செவப்பு. தலையில மஞ்சள்."

"பாத்த மாதிரியே சொல்லுதிய."

"புஸ்தகத்துல படம் போட்டிருக்கு."

என் பக்கம் முழுதாகத் திரும்பினான். "நெசமாட்டு ஒருதரங்கூட பாக்கல?"

"இல்ல மாப்பிள."

"ஒரு செறகு, ஒரு வாலு?"

"ஒரு தண்டு ஆடிச்சு. அவ்வளவுதான்."

சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "பாக்காத ஒண்ணுக்காட்டு என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டிய."

"ஆமா."

"இருக்குன்னாவது உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இப்பக் கத்தச் சொல்லுங்க, பாப்போம். இங்கனதான இருக்கு? கத்தச் சொல்லுங்க!" கத்தினான். இம்பாலாக்கள் தலையைத் தூக்கின.

கோரை அசையாமல் நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவன் தாடை இறுகிக்கொண்டே இருந்தது, என் தாடையும்தான். விடுதியிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கோரையைப் பார்த்து உட்கார்ந்தான்.